வீட்டுப்பாடமும் வீட்டில் வாசிப்பும்: பெற்றோர் கேள்விகள், ஆசிரியர் பதில்கள்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பித்துவரும் ஆசிரியர் என்ற முறையில், பெற்றோர் கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு வீட்டுப்பாடம் முடிக்கத் தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறது. பெரும்பாலும் அழுகையில்தான் முடிகிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வைப்பது சரிதானா?

பதில்: ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டு மணி நேரம் மிக அதிகம். வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர், ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை ஆதரிப்பவர். அதன்படி இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம். 2006இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்விலும், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு மேல்வகுப்புகளில் தெரிந்த அளவுக்குத் தொடக்க வகுப்புகளில் தெரியவில்லை. ஆகவே, மகன் அரை மணி நேரம் மனம் ஒன்றி உழைத்த பிறகும் பாடம் மிச்சமிருந்தால், நோட்டை மூடிவிட்டு, "இவ்வளவுதான் முடிந்தது, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் தடுமாறுகிறான்" என்று ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். தவறுகளையெல்லாம் நீங்களே திருத்தி அனுப்பினால், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்றே ஆசிரியர் எண்ணிக்கொள்வார். முதல் கணக்கை எப்படிச் செய்யப்போகிறான் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள்.

கேள்வி: முதல் வகுப்பை முடிக்கப்போகும் என் மகள் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அதே சொற்கள் வேறிடத்தில் வந்தால் திருதிருவென்று விழிக்கிறாள். என்ன செய்வது?

பதில்: அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். இதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்; காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் நினைவாற்றல் அவளுக்கு இருக்கிறது, எழுத்தைக் கூட்டும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. பாடத்தின் கடைசி வரியிலிருந்து சொற்களைப் பின்னோக்கித் தொட்டுக் காட்டி வாசிக்கச் சொன்னால், எந்த எழுத்தில் தடுக்குகிறாள் என்பது உடனே தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில் தடுக்கும் இடம் பெரும்பாலும் உயிர்மெய்க் குறியீடுகள்தான். "கொடி" என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. இரண்டையும் ஒருசேரப் பார்க்கக் கண் பழகாத குழந்தை, "கெ" என்று தொடங்கி, காலை ரகரமாக எடுத்துக்கொண்டு, "கெரடி" என்று வாசிக்கும். க, கா, கெ, கொ நான்கையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டி, கொம்பும் காலும் சேரும்போது ஒலி எப்படி மாறுகிறது என்று அவளையே சொல்ல வையுங்கள். பிறகு தொ, பொ, மொ என்று நகர்ந்து, தொட்டி, பொடி, மொட்டு போன்று பாடத்தில் இல்லாத சொற்களைக் கொடுங்கள். 247 எழுத்துகளையும் தனித்தனி உருவங்களாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, 12 உயிரும் 18 மெய்யும் சேரும் முறையைப் பிடிக்க வைப்பதே குழந்தைக்கு எளிது.

அவள் தடுமாறும்போது உடனே சொல்லைச் சொல்லிவிடாமல், மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். சொல் வந்ததும் அந்த வாக்கியத்தை மட்டும் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிடத் தினமும் பத்து நிமிடம் மேல்.

கேள்வி: எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பிள்ளைக்கு நான் எப்படி உதவ முடியும்?

பதில்: நிறையவே உதவ முடியும், அம்மா. எழுத்தைக் கூட்டும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமே வாசிப்பு என்று 1986இல் காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெருக்கம் என்பதால், ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. அந்த இரண்டாவது திறன் உங்கள் பேச்சிலும் கதையிலும்தான் வளர்கிறது. பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், "அவன் ஏன் அப்படிச் செய்தான்? அடுத்து என்ன நடக்கும்?" என்று விசாரியுங்கள். பிள்ளை சொல்லும் பதிலோடு உங்கள் சொல் இரண்டைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு பள்ளியுடையது. அதை எண்ணி நீங்கள் கூச வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு புத்தகம் முடித்தால் ஒரு பரிசு என்று பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன். தவறா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வில், பரிசு தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையவைத்த மழலையர், பிறகு தாமாக வரைவதில் முன்னைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். பேரனோடு உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகள் இன்னும் ஒவ்வோர் எழுத்தாகத்தான் வாசிக்கிறாள். முதல் வரியில் வாசித்த சொல்லே மூன்றாம் வரியில் புதிதாகத் தெரிகிறது. போகப்போகச் சரியாகுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ளதா என்று தகுந்த வல்லுநரிடம் மதிப்பீடு செய்யுங்கள். அது அறிவுக் குறைவோ சோம்பலோ அன்று. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதுவரை பிறர் முன்னால் அவளை உரக்க வாசிக்க வைக்காதீர்கள்.

கேள்வி: நான்காம் வகுப்பு மகன் படக்கதைகளை மட்டும், அதுவும் ஒரே புத்தகத்தை, திரும்பத் திரும்ப வாசிக்கிறான்.

பதில்: வாசிக்கட்டும். திரும்ப வாசிப்பதால்தான் வேகமும் சரளமும் வருகின்றன. சற்றுக் கடினமான புத்தகம் ஒன்றை இரவில் நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அவன் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.