கிராட்லி ஹீத்தின் ஸ்பீட்வே அணி போனதில் யாருக்கு என்ன நட்டம்?

கேள்வி இது: "இங்கிலாந்தில் கிராட்லி ஹீத் என்ற சின்ன ஊருக்கு ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் அணி ஒன்று இருந்ததாம். 1995இல் மைதானத்தை விற்று வீடு கட்டிவிட்டார்களாம். இரைச்சலும் புழுதியும் ஒழிந்தது நல்லதுதானே, யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கு நட்டம். அதனால்தான் வேலை முடிந்து வந்த களைப்போடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அந்தப் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்கப்போன இடத்தில் பழைய ஆள் யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். வீடு வாங்குவதில் பிழையே இல்லை. நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் நாலைந்து பேரோடு படுத்தவன்தான், கூரையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் "இரைச்சலும் புழுதியும்" என்று எழுதினீர்களே, அதை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

முதலில் ஊரைப் பற்றி. பர்மிங்ஹாமுக்கு மேற்கே, நிலக்கரியும் இரும்பும் ஆண்ட பகுதி அது. கிராட்லி ஹீத் சங்கிலி செய்த ஊர். பெண்கள் வீட்டுப் பின்முற்றத்துப் பட்டறையில் நின்று இரும்பைக் காய்ச்சி அடித்துச் சங்கிலி கோத்தார்கள். 1910இல் அவர்கள் தொழிற்சங்கத் தலைவி மேரி மக்கார்தரின் தலைமையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை வாங்கினார்கள். பக்கத்து நெதர்டனில்தான் டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரம் செய்யப்பட்டது. இவ்வளவும் செய்த ஊருக்கு வெளியில் பெயர் கிடையாது. பர்மிங்ஹாம்காரர் அவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ஊரின் பெயரை உலகம் உச்சரித்தது ஒரே ஒரு காரணத்துக்காக. அது இந்த அணி.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் நடுவில் வந்தேன். கிடைத்த வேலை அந்தப் பகுதியின் ஒரு இரும்புப் பட்டறையில். அங்கே என் பக்கத்து இயந்திரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், முதல் சில மாதம் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு இரவு என்ன செய்கிறாய்?" என்று கேட்டார். செய்வதற்கு எனக்கு என்ன இருந்தது? மறுநாள் தன் காரில் டட்லி வுட் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உண்மையைச் சொன்னால் பயத்தோடுதான் போனேன். அந்தக் காலத்தில் கால்பந்து மைதானங்களில் நிறம் பார்த்துக் கத்துவார்கள் என்று எங்கள் ஆட்கள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் அங்கே வந்திருந்தது குடும்பங்கள். பாட்டி, பேரன், கழுத்தில் அணியின் சால்வை சுற்றிய கிழவர்கள். தேர்த் திருவிழாவன்று ஊர் முழுவதும் வடக்கு வீதியில் நிற்பது மாதிரி அந்த ஊர் அங்கே நின்றது. பெரியவரின் மனைவி தேநீர்க் குடுவையோடு வந்து, நிகழ்ச்சித்தாளையும் பேனாவையும் என் கையில் திணித்து, புள்ளி எழுதப் பழக்கினார். ஸ்பீட்வே பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் கையால் எழுதுவார்கள். சும்மா வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு ஓட்டுநர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளூர் அணிக்குச் சிவப்பும் நீலமும், வந்தவர்களுக்கு வெள்ளையும் மஞ்சளும் தலைக்கவசம். முதலாவது வந்தால் 3 புள்ளி, அடுத்து 2, அடுத்து 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. 500 சிசி எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே ஒரு கியர், பிரேக் கிடையாது. ஆம், பிரேக்கே கிடையாது. ஓடுபாதை தார் அல்ல, நொறுக்கிய ஷேல் கல். வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு கட்டிய இடது சப்பாத்தைத் தரையில் உரசிக்கொண்டே திரும்புவார்கள். அரையடி இடைவெளியில் நான்கு பேர் இதைச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் காற்றில் ஒரு வாசம் வந்தது. எனக்கு மட்டும் அது புதிதாக இல்லை. ஆமணக்கெண்ணெய்! மெத்தனாலில் ஓடும் அந்த எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த மசகைத்தான் ஊற்றுவார்கள். சிறுவயதில் அம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய். அங்கே நின்றவர்கள் எல்லோரும் அதை இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே எனக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று அன்றைக்குப் பட்டது. இதைப் படித்துவிட்டு "மிகைப்படுத்துகிறார்" என்று கருத்து எழுத வருவார்கள். எழுதட்டும். ஊரைவிட்டு ஓடி வந்தவனுக்கு ஒரு வாசம் என்ன செய்யும் என்பது அவர்களுக்கு விளங்காது.

அணியின் கதை 1947இல் தொடங்குகிறது. மைதானம் கிராட்லி ஹீத்துக்குள் இல்லை, எல்லை தாண்டி டட்லி வுட்டில். 1952க்குப் பிறகு சில ஆண்டுகள் பந்தயம் நின்றது. 1960இல் ப்ரொவின்ஷியல் லீக் தொடங்கியபோது திரும்ப வந்தார்கள். 1965இல் இந்த லீக்கும் அதற்கு மேல் நிலையில் இருந்த நேஷனல் லீக்கும் சேர்ந்து 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக் ஆனது, அதிலும் இருந்தார்கள். ஆனால் லீக் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. பெரியவர் அறுபதுகளையும் எழுபதுகளையும் பற்றிக் கதைக்கும்போது தோல்விகளை வரிசையாகச் சொல்வார். ஆனாலும் அவர் போகாமல் இருந்ததில்லை.

1978இல் கலிஃபோர்னியாவிலிருந்து புரூஸ் பென்ஹால் வந்தார், மறு ஆண்டு டென்மார்க்கிலிருந்து எரிக் குண்டர்சன். ஃபில் காலின்ஸ், ஆலன் கிரேயம் போன்றவர்கள் கூட நின்றார்கள். 1979இல் நாக்அவுட் கோப்பை, 1981இல் முதல் லீக் பட்டம், 1983இல் இரண்டாவது. 1981இல் வெம்ப்ளியில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் பென்ஹால் உலகச் சாம்பியன் ஆனார். டென்மார்க்கின் ஓலே ஓல்சனைக் கோட்டருகே மயிரிழையில் முந்திய அந்த ஓட்டத்தைப் பெரியவர் கைகளால் நடித்துக் காட்டுவார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் மறுபடி வென்று, மேடையில் நின்றபடியே ஓய்வை அறிவித்துவிட்டுத் தொலைக்காட்சியில் நடிக்கப் போய்விட்டார். அதை அந்த ஊர் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமில்லை. எலும்பு முறியாமல் ஒரு ஆள் இந்த விளையாட்டிலிருந்து வெளியேறினால் சந்தோஷம்தான் படவேண்டும்.

குண்டர்சனைப் பார்த்தவன் நான். சின்ன உருவம், சிரித்த முகம். 1984, 1985, 1988 என்று மூன்று முறை உலகச் சாம்பியன். 1985இல் பிராட்ஃபோர்டில் மூன்று பேர் சமமாக வந்து, மறு ஓட்டத்தில் ஹான்ஸ் நீல்சனையும் சாம் எர்மொலென்கோவையும் வென்றார். மூன்று பட்டம் வென்ற மனிதர் சனிக்கிழமை இரவு எங்கள் ஊர் ஓடுபாதையில் சேறு தெறிக்க ஓடுவார். ஓடி முடித்துச் சுவரோரம் வந்து பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுவார்.

1989 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பிராட்ஃபோர்டில் உலக அணிக் கிண்ண இறுதிப்போட்டி. முதல் ஓட்டத்திலேயே நான்கு பேரும் விழுந்தார்கள். குண்டர்சன் எழும்பவில்லை. திங்கள் காலை பட்டறைக்குப் போனால் யாரும் இயந்திரத்தைப் போடவில்லை. மேற்பார்வையாளர் வந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, வானொலியின் பக்கத்தில் போய் நின்றார். மூச்சு இருக்கிறது, கைகால் அசைவில்லை என்ற அளவில்தான் செய்தி. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணச் செய்திகளுக்காக நான் அப்படி வானொலியின் பக்கத்தில் உட்கார்ந்த நாட்கள் பல உண்டு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குண்டர்சன் பிழைத்தார், திரும்ப நடக்கப் பழகினார், பிறகு டென்மார்க் அணியின் மேலாளராகவும் இருந்தார். ஓட்டம் மட்டும் அன்றோடு முடிந்தது.

"பார்த்தீர்களா, இப்படி ஆபத்தான விளையாட்டு எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. 1991இல் கோதன்பர்க்கில் ஒரு ஓட்டமும் தோற்காமல் உலகச் சாம்பியனான எங்கள் யான் ஓ. பெடர்சன், அடுத்த ஆண்டே முதுகெலும்பு முறிந்து விலகினார். ஆபத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் மைதானத்தை மூடியது அந்த அக்கறையில் அல்ல. கூட்டம் குறைந்ததாலும் அல்ல. தொண்ணூறுகளில் கூட்டம் எண்பதுகளைப் போல இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அணி உயிரோடு, பலமாக இருந்தது. அமெரிக்க இளைஞர்கள் பில்லி ஹாமில், கிரெக் ஹான்காக் இருவரும் எங்களிடம்தான் வளர்ந்தார்கள். மூடியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நிலம் அணியுடையது அல்ல. ஐம்பது ஆண்டு நெருங்க ஓடியும் ஒரு முழம் மண் அவர்கள் பெயரில் இல்லை. வீடு கட்டுகிறவர்களின் விலைக்கு முன்னால் உலகச் சாம்பியன் பட்டங்களுக்கு மதிப்பில்லை. 1995 பருவத்தோடு வெளியேற்றிவிட்டார்கள்.

1996இல் அணி ஸ்டோக் நகருக்குப் போய் இரவல் மைதானத்தில் ஓடியது. அந்த ஆண்டுதான் ஹாமில் உலகச் சாம்பியன் ஆனார். வீடு இல்லாத அணியின் ஆள் உலகத்தை வென்றார். அணி அந்த ஆண்டோடு நின்றுவிட்டது. பென்ஹாலின் இரண்டு, குண்டர்சனின் மூன்று, பெடர்சனின் ஒன்று, ஹாமிலின் ஒன்று: கிராட்லியின் சட்டையைப் போட்டிருந்த காலத்தில் அவர்கள் வென்ற உலகப் பட்டங்கள் ஏழு. பெரிய நகரங்களே இப்படி ஒரு கணக்குக்கு ஏங்கும்.

இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். என் மகன் இந்த மைதானத்துக்கு என் தோளில் ஏறி வந்தவன். எஞ்சின் பைத்தியம். படித்து முடித்து மெக்கானிக் ஆனான், நன்றாகச் சம்பாதிக்கிறான், கையில் வித்தை இருக்கிறது. எங்கள் ஆட்களின் கலியாண வீட்டுக்குப் போனால், "தம்பி என்ன, டொக்டருக்குப் படிக்கேல்லையோ?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். கேட்டவரின் கார் பழுதானால் இரவு பத்து மணிக்கு அவனைத்தான் கூப்பிடுகிறார். கையில் எண்ணெய் படுகிற வேலையைக் கேவலமாக நினைக்கும் இந்தப் புத்தியை நாங்கள் கடல் கடந்தும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். சங்கிலி அடித்த பெண்களின் ஊரில் இருந்துகொண்டு இப்படி நினைக்க எப்படி மனம் வருகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1910 வேலைநிறுத்தத்தில் சேர்ந்த பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு கிராட்லி ஹீத்தில் தொழிலாளர் மன்றம் ஒன்று கட்டினார்கள். பிற்காலத்தில் புதிய சாலைக்கு அந்த இடம் தேவைப்பட்டபோது, கட்டடத்தைச் செங்கல் செங்கலாகப் பிரித்து டட்லியில் உள்ள அருங்காட்சியகத்தில் திரும்ப எழுப்பினார்கள். மிக நல்ல வேலை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஓடுபாதையைக் காப்பாற்ற அப்படி யாரும் வரவில்லை.

2010இல் ரசிகர்களின் விடாமுயற்சியால் அணி மூன்றாம் நிலை லீக்கில் திரும்ப வந்தது. முதலில் டட்லி ஹீதன்ஸ் என்று, பிறகு பழைய கிராட்லி பெயரிலேயே. வோல்வர்ஹாம்ப்டனின் மொன்மோர் கிரீனிலும் பர்மிங்ஹாமின் பெர்ரி பாரிலும் இரவல் ஓட்டம். 2013, 2014 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார்கள். 2019இல் அதுவும் நின்றது. மொன்மோர் கிரீனிலேயே 2023க்குப் பிறகு ஸ்பீட்வே இல்லை. கவென்ட்ரி அணியின் பிராண்டன் மைதானம் 2016இலிருந்து பூட்டிக் கிடந்து பாழானது. அங்கே வீடு கட்டக் கேட்ட அனுமதி மட்டும் மேல்முறையீட்டிலும் மறுக்கப்பட்டது. ஊர்க்காரர் விடாமல் போராடினால் சில சமயம் இதுவும் நடக்கும்.

நீங்கள் அந்த வீட்டை வாங்குங்கள், நல்லாயிருங்கள். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கிங்ஸ் லின், பெரிக் போன்ற சின்ன ஊர்களில் ஸ்பீட்வே தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேனா எடுத்துப் போங்கள், நிகழ்ச்சித்தாள் வாங்குங்கள். வளைவில் வேலியோரம் நின்றால் ஷேல் கல் முகத்தில் தெறிக்கும், அதனால் முதல் தடவை தொடக்கக் கோட்டுக்கு எதிரே நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் வயதானவரிடம் புள்ளி எப்படி எழுதுவது என்று கேளுங்கள். அவர் சொல்லித் தருவார்.