நகையை அடகு வைக்கும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்

வணக்கம் அம்மா.

சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று மாதமாக ஏற்காட்டில் மரம் கழிக்கிற ஒரு குழுவோடு போய் வருகிறான். இப்போது தானே தொழில் தொடங்க ஒன்றரை லட்சம் கேட்கிறான், உங்களிடம் இருப்பதோ நகை மட்டும்தான். "படிச்ச பையன் மரம் வெட்டப் போறான்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க, இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவன் எழுதிக் கொடுத்த பொருள் பட்டியலையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்லது. சொந்தக்காரர்கள் சிரிப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பட்டியல்தான் கவலை தந்தது. 72 சிசி செயின் சா (மரம் அறுக்கும் பெட்ரோல் மிஷின்) ஒன்று, பழைய குட்டியானை வண்டிக்கு முன்பணம், கோடாலி இரண்டு, வடக்கயிறு. அவ்வளவுதான். தலைக்கவசம் இல்லை, இடுப்புப் பட்டை இல்லை, ஒரு கை ரம்பம்கூட இல்லை.

அந்தப் பட்டியல் மரத்தைப் பராமரிக்கிறவனுடையது அல்ல, மரத்தைச் சாய்க்கிறவனுடையது. இரண்டும் ஒரே வேலை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது.

நம் பக்கம் மரம் வெட்டுகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் கூலி கொடுப்பது குறைவு. பல நேரம் வெட்டுகிறவர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து மரத்தை எடுத்துக்கொள்வார். விறகாகவோ பலகையாகவோ டன் கணக்கில் விற்றுத்தான் அவருக்கு லாபம். அவரைக் கூப்பிட்டு "வீட்டு மேல சாஞ்ச ஒரு கிளையை மட்டும் எடுங்க" என்றால், "மரமே உள்ள கோறையாயிடுச்சு, எடுத்துருங்க" என்றுதான் சொல்வார். அவர் மோசமானவர் என்று சொல்லவில்லை. விறகு விலையில் பிழைப்பவருக்கு மரம் நிற்பதால் என்ன கிடைக்கும்? பராமரிப்பவனுக்குக் கணக்கு நேர்மாறு. அவன் வாங்குவது கவாத்துக் கூலி, அதாவது கிளை கழிக்கிற கூலி. மரம் நின்றால்தான் இரண்டு வருடம் கழித்து அதே வீட்டில் மறுபடி கூப்பிடுவார்கள்.

இதை நான் சொந்தக் காசு கொடுத்துக் கற்றேன். பல வருடம் முன்பு எங்கள் வீட்டு வேப்பமரத்தின் தலையை மொட்டையடிக்க ஒருவரிடம் சொன்னேன். அவரும் அடித்தார். மூன்றே வருடத்தில் வெட்டிய இடத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளைகள் கிளம்பி முன்பைவிட அடர்த்தியாகிவிட்டது. அப்படிக் கிளம்பும் கிளைக்குத் தாய்மரத்தோடு பலமான பிடிப்பு இருக்காது. ஓர் ஐப்பசிக் காற்றில் பெரிய கிளை ஒன்று பிய்ந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்தது. ஓடு மாற்றிக் கொடுத்தது நான்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்த வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் அவனிடம் பேச முடியும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவன் இப்போது இதே தொழிலில் இருக்கிறான். போன வருடம் ஒரு நாள் முழுக்க அவனுடைய குழுவோடு போய் நின்று பார்த்தேன்.

விடியற்காலை அடிவாரத்தில் டீ. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரும்போது பனி விலகியிருக்காது. ஈரப்பட்டையில் ஏறக் கூடாது என்பதால் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் குழுத் தலைவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் காளான் இருக்கிறதா, தண்டைத் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா, குளவிக்கூடு தொங்குகிறதா, மின்கம்பி எவ்வளவு தூரம் என்று பார்த்தார். இப்படியே முக்கால் மணி நேரம். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி, லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தும் வரை மரத்தைத் தொடுவதில்லை. இதற்காக ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுகிறவரிடம்தான் உங்கள் மகன் வேலை கற்க வேண்டும்.

ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு நிழல் தருவது பெரும்பாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நெடுநெடுவென்று உயரும், கிளை சட்டென்று முறியும். அதன் தண்டில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கீழே காப்பிச் செடி நிற்கும். மேலே அறுக்கும் கிளை கொடியைக் கிழிக்காமல், செடியை நசுக்காமல் கீழே வர வேண்டும். அதனால் கிளையைக் கயிற்றில் கட்டி, கயிற்றை மேலே கவையில் மாட்டிய கப்பி வழியாக விட்டு, கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்குகிறார். மேலே ஒருவர், கீழே மூன்று பேர். பத்து மணி நேர வேலையில் மிஷின் ஓடியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் இழுப்பது, அடுக்குவது, கயிறு சுற்றுவது, கூட்டிப் பெருக்குவது. உங்கள் மகன் முதல் இரண்டு வருடம் செய்ய வேண்டியது இந்தக் கீழ் வேலைதான். மேலே ஏற அவசரப்படுகிறானா என்று அவனிடம் கேளுங்கள்.

பெரிய கிளையை ஒரே அறுப்பில் எடுக்கக் கூடாது. எடை தாங்காமல் பாதியிலேயே ஒடிந்து, தண்டின் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சமிருக்கும் குச்சியைக் கடைசியாக எடுப்பார்கள். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்துதான் காயம் மூடும். தார் பூசுவது, பெயிண்ட் அடிப்பதெல்லாம் தேவையில்லை. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிடுகிறது என்றார் அவர். உங்கள் மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் நல்ல இடத்தில்தான் இருக்கிறான்.

இப்போது பட்டியல். 72 சிசி மிஷின் வெறும் என்ஜினே ஆறு கிலோவுக்கு மேல், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் பெட்ரோலும் சேர்ந்தால் எட்டைத் தாண்டும். புளியமரத்து அடிமரத்தைத் தரையில் நின்று அறுக்க அது வேண்டும், வருடத்தில் எத்தனை நாள்? அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கவாத்துக்கு 30 சிசி அளவில், நாலு கிலோ எடையில், 14 அங்குல பார் போட்ட மிஷின் போதும். விலையும் பெரியதில் பாதிகூட ஆகாது. ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டில் எதை வாங்கலாம் என்று பையன்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். என்னைக் கேட்டால், சேலத்தில் எந்தக் கம்பெனியின் உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கிறதோ அது. பத்தாயிரத்துக்குள் 58 சிசி என்று விற்கிற பெயர் தெரியாத மிஷின் வேண்டாம். செயின் பிரேக் சரியாகப் பிடிக்காத மிஷினுக்கு எந்த விலையும் அதிகம். பாரின் நுனி ஏதாவதில் இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், அந்த நொடியில் செயினை நிறுத்துவது அந்த பிரேக்தான்.

ஆனால் மிஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியவை இருக்கின்றன. முகத்தடுப்பும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசம் (செயின் சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், இரண்டு வருடம் காது மூடாமல் ஓட்டினால் நீங்கள் கூப்பிடுவது அவனுக்குக் கேட்காது). அப்புறம் செயின் சா பேண்ட். அதன் உள்ளே நீள நூல்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஓடுகிற செயின் துணியைக் கிழித்ததும் அந்த நூல்கள் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். சேலத்து வெயிலில் இதைப் போடச் சொன்னால் முனகுவார்கள், முனகட்டும். பிறகு மரம் ஏறுவதற்கென்றே செய்த இடுப்புப் பட்டையும் கயிறும். கடையில் கிடைக்கிற நைலான் கயிறு ஆளுக்கு ஆகாது. கிளை இறக்கும் கயிறும் ஆள் தொங்கும் கயிறும் வேறு வேறாக, வேறு நிறத்தில் இருக்க வேண்டும். காலில் கட்டும் இரும்பு முள் வெட்டப் போகும் மரத்துக்கு மட்டும்தான். நிற்கப்போகிற மரத்தில் அதைப் போட்டு ஏறினால் ஒவ்வொரு குத்தும் ஒரு புண்.

அடுத்தது, இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கை ரம்பம். நான் பார்த்த அன்று மேலே இருந்தவர் மிஷினைவிட அதைத்தான் அதிகம் எடுத்தார்.

மிஷினோடு 4 மில்லிமீட்டர் உருண்டை அரமும் வாங்கச் சொல்லுங்கள். சீவல் சீவலாக வந்தால் செயின் கூர்மை, மாவாக வந்தால் மழுங்கல். மழுங்கின செயினை அழுத்தி ஓட்டும்போதுதான் பாதி விபத்து நடக்கிறது என்று அந்தக் குழுத் தலைவர் சொன்னார். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். எத்தனால் சேர்ந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால் அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது. இந்த இடத்தில்தான் அவன் டிப்ளமோ வேலைக்கு வருகிறது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவத் தெரிந்த ஆள் இந்தத் தொழிலில் குறைவு. மழைக்காலத்தில் மரம் ஏற முடியாத நாட்களில் எஸ்டேட்டுகளின் புல்வெட்டும் மிஷினையும் செயின் சாவையும் சர்வீஸ் செய்தால் அதுவே தனி வருமானம். படிப்பு வீண் என்று சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

குட்டியானை இப்போது வேண்டாம். வண்டி வாங்கினால் மாதத் தவணைக்காக விறகு ஏற்ற ஆரம்பிப்பான், விறகு ஏற்ற ஆரம்பித்தால் மரம் சாய்க்க ஆரம்பிப்பான்.

உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட பயம் ஒன்றும் எனக்குப் புரிகிறது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லித் தமிழ்நாட்டு ஆட்கள் 20 பேரை ஆந்திர போலீசார் சுட்டுக் கொன்றதை நம் மாவட்டம் மறக்கவில்லை. "மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி" என்று புரோக்கர் வந்து கூப்பிட்ட கதை நம் மலைக் கிராமங்களில் நிறைய. எனவே எந்த வேலைக்குப் போனாலும், மரம் யாருடையது, அனுமதிச் சீட்டு எங்கே என்று அவன் கேட்டே ஆக வேண்டும். மலையில் சொந்தப் பட்டா நிலமானாலும் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சந்தனம் என்றால் சொந்த வீட்டு வாசலில் நின்றாலும் வனத்துறையிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. சீட்டைக் காட்டு என்றால் கோபப்படுகிற முதலாளியிடம் ஒரு நாளும் நிற்க வேண்டாம்.

கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து ஆறு நாள் தென்னை ஏறும் பயிற்சி நடத்துகிறது. தென்னை ஏறும் கருவி வைத்து ஏறும் ஒழுங்கு அதில் பழகும், சமவெளியில் தென்னை வேலையும் கிடைக்கும். வெளிநாட்டுக் கனவு இருந்தால், பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு எழுத மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். இன்றிலிருந்தே எந்த மரம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

பணத்துக்கு வருகிறேன். நகையைத் தொடாதீர்கள். ஐம்பதாயிரம் வரை முத்ரா கடனில் சிசு பிரிவு இருக்கிறது, பிணை கேட்பதில்லை. சிறிய மிஷினும் பாதுகாப்புப் பொருளும் அதற்குள் பெரும்பாலும் அடங்கும், ஏறும் கயிறு போன்றவற்றைக் கூலியிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கலாம். வேளாண் பொறியியல் துறையின் மானியப் பட்டியலில் இந்த வருடம் என்ன இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள், வாங்கின பிறகு ரசீதோடு போனால் கிடைக்காது. வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, இரண்டு லட்சம். இந்த வேலைக்கு அது போதாது, தனியாக ஒரு விபத்துக் காப்பீடும் எடுங்கள், விண்ணப்பத்தில் மரம் ஏறும் வேலை என்று மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் விழுந்த அன்று அந்தக் காகிதம் உதவாது.

சொந்தத் தொழில் இரண்டு வருடம் கழித்து. அதுவரை இப்போதைய குழுவிலேயே இருக்கலாமா என்றால், அந்த முதலாளி விறகில் சம்பாதிக்கிறாரா, கவாத்துக் கூலியிலா என்று மகனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். பட்டியலையும் அவனையே திருத்தி எழுதச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். தலைக்கவசம் முதல் வரியில் வந்தால் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த அந்த மாணவனையும் வரச் சொல்கிறேன்.