தண்ணீர் எந்த வழியாக வரும்?

கேள்வி: எங்கள் ஊருணியைச் சுற்றி நடைபாதை, அலங்கார விளக்கு, பூங்கா எல்லாம் வரப்போகிறது. ‘நீடித்த நகர வளர்ச்சி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இதையும் சிலர் குறை சொல்கிறார்களே, ஏன்? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நடைபாதை வரட்டும். சாயங்காலம் பெரியவர்கள் காலாற நடக்க நம் ஊர்களில் இடம் ஏது? ஆனால் ‘நீடித்த’ என்று எழுதிவிட்டால், மழைத்தண்ணீர் எந்த வழியாக ஊருணிக்குள் வரும், நிறைந்தால் எப்படி வெளியேறும் என்று காட்டியாக வேண்டும். வரைபடத்தில் அது இல்லையென்றால் செலவு கரைக்குத்தான், ஊருணிக்கு அல்ல.

வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத பூமி செட்டிநாடு. அதனால்தான் ஓட்டுச் சரிவில் இறங்கிய மழை முற்றத்தில் விழுந்து, தெரு வாய்க்கால் வழியே வரத்துக்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும்படி ஊரையே அமைத்தார்கள்.

போன ஐப்பசியில் பக்கத்து ஊர் ஒன்றில், புதுப்பித்த ஊருணியைப் பார்க்கப் போனேன். செம்புராங்கல் சுவரில் வரத்துக்காலின் வாய், ஒரு முழ அகலம். உள்பக்கம் அழகாகப் பூசியிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தால், புது நடைபாதை அந்த வாயை அடைத்துக்கொண்டு ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. முந்தின இரவு நல்ல மழை. தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். ஊருணிக்குள்ளே ஆடு மேய்கிறது! ஒரு ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர். அத்தனையும் வாசலில் கிடந்து வீணாவதைப் பார்த்து வயிறு எரிந்தது.

சரி, வாயைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது. மழைக்கென்று வெட்டிய வாய்க்காலில் இன்று வீட்டுக் கழிவுநீர் ஓடுகிறது. அதைப் பிரிக்காமல் திறந்தால் ஊருணி சாக்கடைக் குளமாகும். அதற்குப் பயந்துதான் பல இடங்களில் அடைத்தே விடுகிறார்கள். எனவே பணத்தின் பெரும்பங்கு, யாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சாக்கடைக் குழாய்க்குப் போக வேண்டும். அப்புறம், அடியில் சிமென்ட் போட விடாதீர்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊற்று போய்விடும்.

அகமதாபாத் சபர்மதிக் கரையை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து வரும் தண்ணீர். சியோல் நகரில் 2005-இல் மீட்டெடுத்த ஓடைக்கும் ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைக்கிறார்கள். நாம் எங்கே போய் இறைப்பது? நமக்குப் பாடம் மதுரையில் இருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பனையூர் கால்வாயைச் சரிசெய்தார்கள்; வைகைத் தண்ணீர் தானாக வந்து நிறைந்தது.

அடுத்த மழைக்குக் குடையோடு போய் வரத்துக்கால் வாயருகே நில்லுங்கள். தண்ணீர் உள்ளே விழவில்லையென்றால் செல்போனில் படம் எடுத்து, மனுவோடு மாநகராட்சியில் கொடுங்கள். ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை போவதற்கு முன்னால் கொடுங்கள்.