வராத அரைமணி நேரம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் 'ரெட் டுவார்ஃப்' தொடரைப் புகழ்ந்து எழுதியதை நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. ஒரு பகுதியில் சொன்னதை அடுத்ததில் மறந்துவிடுகிறார்கள். காலப்பயண விதியும் அவர்கள் வசதிக்கு மாறுகிறது. நகைச்சுவை என்றால் எதுவும் செல்லுமா?

இன்னொன்று. உங்கள் சிறுகதையில் 1981 டிசம்பர் 31 இரவு 11.45க்கு அப்பா கோப்பிக்கடையில் தே தாரிக் குடிக்கிறார். சிங்கப்பூரில் அன்று அந்த நேரமே வரவில்லை.

ஈசூன் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவதில் வசமாக மாட்டிக்கொண்டேன். மலேசியா நேரத்தை மாற்றியது, நாமும் கூடவே மாற்றினோம். 11.30 ஆனதும் கடிகாரத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தாயிற்று. பாவம், அந்த மனிதர் வராத நேரத்தில் உட்கார்ந்து தே குடித்திருக்கிறார். 11.15 என்று திருத்திவிடுகிறேன்.

சரி, 'ரெட் டுவார்ஃப்'. பார்க்காதவர்களுக்காக: ராப் கிராண்டும் டக் நெய்லரும் உருவாக்கி, 1988இல் பிபிசியில் தொடங்கிய தொடர். முப்பது லட்சம் ஆண்டு கழித்து விண்கலத்தில் கண்விழிக்கும் கடைசி மனிதன் லிஸ்டர். செத்தும் ஒளியுருவாக வந்து நச்சரிக்கும் அறைத்தோழன் ரிம்மர்.

ஓட்டைகள் உண்டு. ஆனால் அவற்றை இவர்கள் மூடி மறைப்பதில்லை. இரண்டாவது சீசன் முடிவில் லிஸ்டர் கர்ப்பமாக நிற்கிறான். குழந்தைகள் என்ன ஆனார்கள்? மூன்றாவது சீசன் தொடக்கத்தில் பதில் எழுத்தாக ஓடுகிறது, ஒருவராலும் படிக்க முடியாத வேகத்தில். 1993இல், எதிர்காலத்திலிருந்து வந்த தங்களிடமே சண்டையிட்டு எல்லோரும் கலத்தோடு வெடித்துப் போகிறார்கள். நான்கு ஆண்டு கழித்து லிஸ்டர் அதற்குக் காரணம் சொல்லத் தொடங்கினால், கேட்கும் கேமராவே வெடிக்கிறது. அதே பகுதியில் கறி தீர்ந்துபோன துக்கத்தில் காலம் கடந்து போய், 1963 டல்லாஸில் இறங்கி, கென்னடி கொலையையே தடுத்துத் தொலைக்கிறார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன்தலைக் கறிக்காக இதைச் செய்யக்கூடிய இருவரை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் பிழையில் சேர்க்கமாட்டேன். பிழை என்றால் கோச்சான்ஸ்கி என்ற பெண்ணின் கதை. தொடக்கத்தில் லிஸ்டர் அவளை மனத்துக்குள்ளேயே காதலித்தவன், கேட்கத் துணியாதவன். பிறகு பார்த்தால் இருவரும் பழகிப் பிரிந்தவர்களாம். நடிகை மாறியதுகூடப் பரவாயில்லை. கேட்காமல் விட்டவனின் ஏக்கமும் கைவிடப்பட்டவனின் ஏக்கமும் ஒன்றா? அங்கே ஆளே மாறிவிடுகிறான். உங்கள் எரிச்சல் இதைப் பற்றித்தான் என்றால் நானும் உங்கள் கட்சி.

ஏழாவது சீசனுக்கு நீங்கள் இன்னும் வரவில்லை என்றால் இதற்கு மேல் படிக்காதீர்கள்.

மதுக்கடையில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்த அநாதைக் குழந்தைதான் லிஸ்டர் என்று முன்பே போகிறபோக்கில் சொல்லியிருப்பார்கள். 1997இல் அதைத் திரும்ப எடுக்கிறார்கள். குழந்தையைக் கொண்டுபோய் அங்கே வைப்பவன் லிஸ்டரேதான். தன் அப்பா தானே என்று தெரிந்து, தன்னைத் தானே விட்டுவிட்டு வருகிறான். பெட்டியின்மேல் எழுதியிருக்கும் சொல்லை வைத்து ஒரு மட்டமான சிலேடை வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, தொண்டை அடைத்தது.

அன்புடன்.