தொண்ணூறா, ஒரு இலட்சத்து நாற்பதா?

கேள்வி: எங்கள் சபைச் சகோதரி ஒருவருக்கு 14 மாதத்துக்கு முன் 120,000 ரூபாய் கடன் கொடுத்தேன். குழு லோன் தவணை இறுக்குகிறது என்று அழுதுகொண்டு வந்தார். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று வாயால் பேசினோம். எழுத்து ஒன்றும் இல்லை. மூன்று தடவையாக 30,000 தந்தார். ஐந்து மாதமாக ஒரு சதமும் இல்லை. ஆராதனைக்கு வந்தால் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் கூற முதலே எழும்பிப் போய்விடுகிறார். அவர் தையல் தைப்பவர், கணவர் கடலுக்குப் போகிறவர். என் கணவர் பொலிசுக்குப் போவோம், இல்லாவிட்டால் தையல் மெஷினைத் தூக்கி வருவோம் என்கிறார். போதகர் ஐயா மன்னித்து விடுங்கள் என்கிறார். பெண்கள் ஐக்கியத்தில் 1 கொரிந்தியர் 6ஐக் காட்டி, விசுவாசியின்மேல் வழக்குக்குப் போகக்கூடாது என்கிறார்கள். மார்கழியில் அவருக்குச் சீட்டு விழுமாம். அந்தக் காசை மறிக்கலாமா? மனம் சரியில்லாமல் இரண்டு முறை திருவிருந்தும் எடுக்கவில்லை.
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, வேதாகமத்தைத் திறக்க முன் கொப்பியைத் திறவுங்கள். உங்கள் கணக்கில் மாத வட்டி 3,600. பதினான்கு மாதத்துக்கு 50,400. முதலோடு கூட்டி, தந்த 30,000ஐக் கழித்தால் 140,400 வர வேண்டும். அவருடைய மனக்கணக்கு வேறாக இருக்கலாம்: வாங்கியது 120,000, கொடுத்தது 30,000, மிச்சம் 90,000. தான் முதலைக் குறைத்ததாக அவர் நினைத்திருக்க, அது வட்டிக்கே காணாது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். கடன் வாங்கியவர் ஆளைக் கண்டு ஒளிப்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான். எவ்வளவு கொடுத்தாலும் தீராது என்று தோன்றிவிட்டால் கொடுக்கிற கையும் நின்றுவிடும்.

எனவே முதல் கேள்வி வட்டி. சிறுமைப்பட்ட சகோதரனுக்குக் கொடுத்த காசுக்கு வட்டி சுமத்தாதே என்று யாத்திராகமம் 22:25 சொல்கிறது. லேவியராகமம் 25:36-37உம் அதையே சொல்கிறது. வியாபாரத்துக்குக் கொடுத்து இலாபத்தில் பங்கு கேட்பது வேறு விஷயம், அதில் விசுவாசிகளுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. இது அப்படியல்ல. ஒரு கடனின் தவணை கட்ட வாங்கிய காசு இது. நெகேமியா 5ஆம் அதிகாரத்தை இன்றிரவு கணவரோடு இருந்து வாசியுங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலை அடகு வைத்தவர்களும், ராஜாவின் வரி கட்டக் கடன்பட்டவர்களும் முறையிட்டபோது, நெகேமியா பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூட்டி வைத்துக் கண்டித்தான். அங்கே 11ஆம் வசனத்தில் அவன் திருப்பிக் கொடுக்கச் சொன்ன வட்டி நூற்றுக்கொன்று. உங்களுடையது நூற்றுக்கு மூன்று.

எங்கள் தீர்ப்பு இது: வட்டியை முழுதாக விடுங்கள், தந்த 30,000ஐ முதல் தொகையில் இருந்து கழியுங்கள், நிலுவை 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வீட்டுக் காசு. ஆகவே கணவர் சம்மதிக்க முதல் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அதன்பிறகு மத்தேயு 18:15: குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேசு என்கிறது. ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்ற சொல்லைத்தான் சபைகளில் முதலில் மீறுகிறோம். இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சொன்னதும் சொன்னதுதான். அந்த ஆட்களிடம், ‘வட்டியை விட்டுவிட்டேன், இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிறு ஆலய வாசல் வேண்டாம், வீட்டுக் கூட்டம் முடிந்த கையோடும் வேண்டாம், வட்ஸ்அப் குரல் பதிவு அறவே வேண்டாம். லோன்காரர் தவணைக்கு வருகிற நாளையும் தவிர்த்துவிடுங்கள். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தனியே போங்கள். வாய் திறந்ததும் தொகையைச் சொல்லிவிடுங்கள்: ‘அக்கா, வட்டிக் கதையை நான் விட்டுட்டன். நீங்க தந்த முப்பதும் முதல்ல கழிஞ்சிட்டு. மிச்சம் தொண்ணூறு. மாசம் எவ்வளவு ஏலும்?’ இதற்குமேல் ஒரு முன்னுரையும் வேண்டாம்.

அவர் வெட்கத்தில் பெரிய தொகை சொல்வார். ‘மாதம் பத்துத் தருவேன்’ என்பார், இரண்டாம் மாதமே தவறும், பிறகு பழையபடி பின்வரிசை வாங்குதான். ஆகவே அவர் சொல்கிற தொகையை நீங்களே குறையுங்கள். குழு லோனுக்குக் கிழமைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு, சாப்பாடும் பிள்ளைகளின் செலவும் கழித்து மிஞ்சுவதில் பாதியை மட்டும் தவணையாக வையுங்கள். மாதம் 5,000 என்றால் 18 மாதம், 3,000 என்றால் 30 மாதம். நீளம்தான், ஆனாலும் உடையாது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்க அவருடைய கணவருக்குத் தொழில் குறையும். நத்தாரும் பொங்கலும் கிட்ட வர இவருக்குத் தையல் கூடும். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுவதால் கார்த்திகை, மார்கழியில் தவணையைக் கூட்டவோ குறைக்கவோ தேவையா என்பதை அவரையே கேளுங்கள்.

பேசியதை அன்றே எழுதுங்கள். ஒரே சபையில் இருந்துகொண்டு எழுத்தா என்று தயங்க வேண்டாம். எரேமியா தன் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேலிடம் 17 சேக்கலுக்கு வயல் வாங்கினபோது பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தான் (எரேமியா 32:9-12). பத்திரமும் இரண்டு: ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. நீங்களும் இரண்டு பிரதி எழுதுங்கள். கொடுத்த திகதி, தொகை, தந்த 30,000, வட்டி இல்லை என்ற வரி, நிலுவை, தவணை, கொடுக்கிற நாள். இருவரும் கையெழுத்து வையுங்கள். ஒவ்வொரு தவணையையும் இரண்டு பிரதியிலும் பதிந்து கையெழுத்திடுங்கள். ‘வட்டி இல்லை’ என்ற வரியை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் பழைய சண்டை திரும்பி வரும்.

பேச்சுக்கு அவர் இணங்காவிட்டால் மட்டும் மத்தேயு 18இன் 16ஆம் வசனத்துக்குப் போங்கள்: இரண்டொரு பேர். இது ஆள் கூட்டிக்கொண்டு போய் அமுக்குவது அல்ல. உபாகமம் 19:15இன் சாட்சி முறை. ஒருவரை நீங்களும் மற்றவரை அவரும் தெரிவு செய்யட்டும். உங்களிடம் கடன்பட்டவர், அதே சீட்டில் இருப்பவர், இரண்டு வீட்டிலும் கதை காவுகிறவர் வேண்டாம். கணக்குத் தெரிந்த, வாய் காக்கிற ஆள் வேண்டும்; ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கியில் வேலை செய்தவரோ சபையில் இருந்தால் பொருத்தம்.

பெண்கள் ஐக்கியத்தார் 1 கொரிந்தியர் 6இல் முதல் வசனத்தோடு நின்றுவிட்டார்கள் போல. ஐந்தாம் வசனத்தில் பவுல் திட்டுவது கடன் கொடுத்தவரை அல்ல, சபையை: வழக்குத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று. ஆகவே நீதிமன்றம் போகாதே என்று சொல்கிற சபை, வழக்கைத் தீர்த்துக் கொடுக்கவும் கடமைப்பட்டது. ஏழாம் வசனத்தில் ‘நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறான், உண்மை. அது நஷ்டப்பட்டவர் தானாக எடுக்கிற முடிவு, மற்றவர்கள் அவர் தலையில் கட்டுகிற ஒன்றல்ல. எட்டாம் வசனம் நஷ்டப்படுத்தியவருக்கு. அதையும் யாராவது அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் போதகரிடம் மரியாதையோடு கேளுங்கள்: ‘ஐயா, இரண்டு பேரையும் இருத்திக் கதைக்க ஒருவரை ஒழுங்கு செய்து தருவீர்களா?’ சபையில் உதவி நிதி இருந்தால் அந்தக் குழு லோனின் சில தவணைகளைக் கட்டிவிடலாமா என்றும் கேட்கலாம். பிலேமோனுடைய அடிமை ஒநேசிமுவின் கடனை ‘என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்று பவுல் எழுதிக் கொடுத்தது (பிலேமோன் 18-19) இந்த வழிக்கு முன்மாதிரி.

மத்தேயு 18இன் 17ஆம் வசனத்தில் ‘சபைக்குத் தெரியப்படுத்து’ என்பது செவிகொடாதவருக்கு. காசு இல்லாதவருக்கு அல்ல. ஏலாமையையும் மறுப்பையும் ஒன்றாக்கி, ஏழையைப் பிரசங்க பீடத்தில் இருந்து அறிவித்து அவமானப்படுத்தினால் அது இந்த வசனத்துக்கே எதிரானது. கடைசியில் ‘ஆயக்காரனைப்போல’ (வரி தண்டுகிறவனைப்போல) என்று வருகிறதே, அந்த ஆயக்காரரை இயேசு எப்படி நடத்தினார் என்பதையும் அதே சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் பாருங்கள்.

தையல் மெஷினைத் தொடவே கூடாது. திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவது போல என்கிறது உபாகமம் 24:6. அவருக்கு மெஷின்தான் திரிகைக் கல். அதை எடுத்துவிட்டால் உங்கள் தவணையும் அதோடு போயிற்று. அடகு வாங்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில் என்று 10, 11ஆம் வசனங்களில் இருப்பதையும் கணவருக்குக் காட்டுங்கள். பொலிசுக்கும் வேலையில்லை. ஏமாற்று நோக்கம் இல்லாத வெறும் கடன் பாக்கி சிவில் விவகாரம். அங்கே கிடைப்பது ஒரு மிரட்டல், மிஞ்சுவது பகை.

சபையும் கைவிட்டால், இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குகிற மத்தியஸ்த சபை இருக்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குட்பட்ட காசுப் பிணக்குகள் நீதிமன்றம் போக முதல் அங்கேதான் போக வேண்டும். மத்தியஸ்தர்கள் தீர்ப்பு எழுதுவதில்லை. இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் மட்டும் தீர்வு. வழக்காடுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம், ஆகவே பவுலின் கண்டனம் இங்கே அப்படியே பொருந்தாது என்பது எங்கள் கருத்து. ஒரு எச்சரிக்கை: எழுத்தில்லாத கடனுக்கு வழக்கு வைக்கும் காலம் 3 வருடம், எழுத்துள்ளதற்கு 6 வருடம். பதினான்கு மாதம் போய்விட்டது.

மன்னிக்கத் தீர்மானித்தால் முழுதாக மன்னியுங்கள். ‘90,000ஐயும் கழித்துவிட்டேன்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி, கடதாசி இருந்தால் அவர் கையில் கொடுங்கள். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் பின்வாங்கைத் திரும்பிப் பார்ப்பது மன்னிப்பில் சேராது. பாதியை மன்னித்து 45,000க்குத் தவணை வைப்பதும் ஒரு வழிதான். அதையும் எழுதுங்கள்.

திருவிருந்தை இனியும் தள்ளிப்போடாதீர்கள். மத்தேயு 5:23-24 சொல்வது, உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்று. வட்டி விஷயத்தில் அவருக்கு உங்கள்மேல் குறை இருக்கக்கூடும், ஆகவே போக வேண்டியவர் நீங்களும்தான். போய்ப் பேசிவிட்டால் போதும், கடன் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து ‘புசிக்க’ச் சொல்கிறது, விலகியிருக்கச் சொல்லவில்லை.

சீட்டு: பிடிக்கிறவரிடம் சொல்லிக் காசை மறிக்க வேண்டாம். அது அவருடைய கட்டுக்காசு, மறித்தால் அடுத்த மாதம் அந்தச் சீட்டே உடையும், நட்டம் மற்றவர்களுக்கும் போகும். கடதாசி எழுதுகிற அன்று அவரையே கேளுங்கள்: ‘மார்கழியில சீட்டு விழுந்தா அதில எவ்வளவு தர ஏலும்?’ தருகிறேன் என்றால் தொகையைத் தனி வரியாக எழுதி, சீட்டு விழுந்த பின் தவணை நாளில் அவர் கையால் வாங்குங்கள்.