பிரிட்டிஷ் இசைக்குழு நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ பாட்டு: கேளுங்கள், சொல்கிறேன்

பழைய கேசட்: ஆரம்பத்தில் தடதடவென்று வரும் டிரம் யார் வாசித்தது?

யாரும் வாசிக்கவில்லை. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின். டிரம்மர் ஸ்டீஃபன் மோரிஸ் மாங்கு மாங்கென்று அதில் தாளத்தை ஏற்றிவைத்தார். அப்புறம் அவர் கால் பட்டே ஒயர் பிடுங்கிக்கொண்டு எல்லாம் அழிந்தது. மறுபடி செய்தது முதல் அளவுக்கு வரவில்லை என்று அப்போது குழுவில் பேஸ் கிதார் வாசித்த பீட்டர் ஹூக்குக்குக் குறை.

மொட்டைமாடி: சின்த் (சிந்தசைசர்) மெலடி தாளத்தோடு ஒட்டாமல் ஓடுகிறதே, என் காதில்தான் கோளாறா?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. 1982இல் பாட்டைப் பதிவு செய்தபோது, இன்று போலத் திரையில் பார்த்து சுரங்களை அடுக்க இவர்களுக்கு வழியில்லை. பாடகர் பெர்னார்ட் சம்னர் உதிரி பாகங்களை வாங்கித் தானே பூட்டிய சீக்வென்சர் (ஏற்றிய சுரங்களை வரிசையாக வாசிக்கவைக்கும் கருவி) ஒன்று இருந்தது. அதில் ஏற்ற வேண்டியதையெல்லாம் குழுவின் கீபோர்டு கலைஞர் கில்லியன் கில்பர்ட் ஏ4 தாள்களில் எழுதி, டேப்பால் ஒட்டி, ஸ்டுடியோ நீளத்துக்கு ஸ்வெட்டர் பின்னல் கணக்கு மாதிரி விரித்துவைத்திருந்தார். ஏற்றும்போது ஒரு சுரம் விட்டுப்போனது. மெலடி நழுவியது. அப்படியே விட்டுவிட்டார்கள். நான் ஒருமுறை லேப்டாப்பில் அந்த வரியைத் தாளத்தில் சரியாக உட்காரவைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது, அழித்துவிட்டேன்.

கீபோர்டு: நடுவில் வரும் கோயர் (கூட்டுக்குரல்)?

ஜெர்மன் குழு கிராஃப்ட்வெர்க்கின் ‘யுரேனியம்’ பாட்டிலிருந்து எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் (சத்தத்தைப் பதிந்து கீபோர்டில் வாசிக்கவைக்கும் மெஷின்) எடுத்தது. அந்த மெஷினைப் பழக சம்னரும் மோரிஸும் மணிக்கணக்கில் குசுச் சத்தத்தைப் பதிவு செய்தார்களாம். கில்பர்ட்டே சொன்னது, என்னைத் திட்டாதீர்கள்.

இரவுப் பறவை: பாட ஆரம்பிக்கவே இரண்டு நிமிஷம் ஆகிறதே?

மொத்தம் ஏழரை நிமிஷப் பாட்டு. கச்சேரி முடிந்தபின் ‘இன்னொன்று’ என்று கூட்டம் கேட்டால் இவர்களுக்குப் பிடிக்காது. மெஷின்களே வாசிக்கட்டும், பட்டனை அமுக்கிவிட்டு மேடையை விட்டுப் போய்விடலாம் என்று பிறந்த யோசனை.

தட்டு சேகரிப்பாளர்: விற்க விற்க நஷ்டம் என்பது நிஜமா?

முதல் பதிப்புக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். தொகைதான் ஆளுக்கு ஆள் மாறும். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் 12 அங்குலத் தட்டின் உறையை ஃப்ளாப்பி டிஸ்க் (அந்தக் காலக் கணினி வட்டு) போலவே வடிவமைத்தார். அதற்காக உறையில் ஓட்டை வெட்டுகிற கூலி எகிறிவிட்டது. இத்தனைக்கும் முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூட இல்லை.

பழைய கேசட்: வந்ததும் ஹிட்டா?

1983 மார்ச்சில் வந்தது, பிரிட்டன் பட்டியலில் 12ஆம் இடம். ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ டிவி நிகழ்ச்சியில் மற்றவர்கள் வாயசைக்க, இவர்கள் நேரடியாக வாசித்துச் சொதப்பினார்கள். பாட்டு இறங்கி, திரும்ப ஏறி, அக்டோபரில்தான் 9ஐத் தொட்டது.