சாவி போட்டதும் மீட்டர்ல எல்லா லைட்டும் எரியுது, 80ல போனா பீப் பீப்னு கத்துது, கார்ல ஏதும் கோளாறா?

கோளாறு இல்லங்க, எரியலைனாதான் யோசிக்கணும். இக்னிஷன் ஆன் பண்ணதும் மீட்டர் போர்டு முக்கியமான லைட்டெல்லாம் ஒரு தடவை எரிய வச்சு காட்டும், லைட்டு உயிரோட இருக்கான்னு நீங்க பாத்துக்கறதுக்கு. ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் லாக் ஆகாம பாத்துக்கறது) எல்லாம் சில செகண்ட்ல அணைஞ்சிரும், ஆனா ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகற வரை நிக்கும், ஏன்னா இஞ்சின் ஓடாம ஆயில் பிரஷரும் வராது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாது.

மீட்டர் தானா அளக்கறது ரொம்ப கம்மி. இஞ்சின், பிரேக், ஏர்பேக்னு ஒவ்வொண்ணுக்கும் தனி கம்ப்யூட்டர், எல்லாம் கேன் பஸ்னு ஒரு ஜோடி வயர்ல பேசிக்கும் (பாஷ் கம்பெனி 1986ல கொண்டு வந்தது), அத ஒட்டுக் கேட்டு முள்ளையும் மெசேஜையும் காட்டறதுதான் மீட்டரோட வேலை. அதான் ஒரு வீல் சென்சர் போனா ஏபிஎஸ் லைட்டோட, வீல் வழுக்கி சுத்தாம பாத்துக்கற டிராக்‌ஷன் லைட்டும் சேந்து எரியுது.

அந்த 80 பீப் இந்தியால சட்டம், 2019 ஜூலைலேர்ந்து வர்ற புது கார்ல இருக்கும், 80க்கு மேல விட்டு விட்டு கத்தும், 120 தாண்டினா நிக்காது. பக்கத்து சீட்ல அரிசி மூட்டை வச்சாலும் பல கார்ல பெல்ட் போடுன்னு கத்தும், சென்சருக்கு எடைதான் தெரியும், மனுசன் தெரியாது. நான் மூட்டைக்கே பெல்ட் மாட்டிருவேன்.

சிவப்புன்னா ஓரங்கட்டுங்க, மஞ்சள்னா பொதுவா மெக்கானிக் வரைக்கும் ஓட்டிட்டு போலாம், ஆனா செக் இஞ்சின் லைட் மினுக்கினா மிஸ்ஃபயர், அதாவது இஞ்சின்ல எரிபொருள் சரியா எரியல, ஆக்சிலரேட்டர மிதிக்காதீங்க. ஓடும்போது ஆயில் லைட் வந்தா பங்க் வரைக்கும்னு கூட போகாம ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க.